கை தூக்குகிற இடம்

ஏகாந்தின் ஸ்டூடியோவுக்குள் யாரும் செருப்போடு போகக் கூடாது. ஒலி தரையிலிருந்து எழுகிறது, ரப்பர் அதைத் தடுக்கிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. சாலிகிராமத்தில் அவருடைய அப்பா டைல்ஸ் கடை நடத்திய கட்டடத்தின் இரண்டாவது மாடிதான் அந்த ஸ்டூடியோ. அப்பா வைத்த பெயர் ஏகாம்பரம். அதை வைத்துக்கொண்டு பிரபஞ்சத்தோடு பேச முடியாது என்று தோன்றியதால் வாலை வெட்டிவிட்டார். வெள்ளை லினன் சட்டை, ஏதோ ஒரு மலையடிவாரத்தில் வாங்கிய மாலை, வெறுங்கால். கண்ணை மூடிக்கொண்டு, "நான் இசை பண்றதில்ல ப்ரோ, இசைதான் என்னைப் பண்ணுது," என்பார். பேட்டி எடுக்க வந்தவர்கள் அதையே தலைப்பாகப் போட்டுவிட்டுப் போவார்கள்.

இசையைப் பண்ணியது அனீஸ்.

அனீஸ் திருவல்லிக்கேணிக்காரன். காலையில் வந்து கணினிக்கு முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பான். பாட்டு எதிலும் அவன் பெயர் வராது. சம்பளம் மட்டும் தவறாமல் வரும் என்பதால் அவன் அதைப் பெரிதுபடுத்தியதில்லை.

அவர்கள் செய்தது ப்ரோக்ரெசிவ் ஹவுஸ் என்கிற நடன இசை. எட்டு நிமிஷப் பாட்டு. முதலில் நெஞ்சில் தட்டுகிற மாதிரி ஒரே சீராக ஒரு டிரம் அடி, கிக். அதன் மேல் பேஸ் என்கிற கனத்த அடிநாதம். அதன் மேல், கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பது போல அமுங்கிய ஒரு கீபோர்டு ஒலி. அந்தக் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பதுதான் தொழில். எதையோ தரப்போவதாகச் சொல்லிச் சொல்லித் தராமல் இழுக்க வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் நிறுத்தி ஒரு மூச்சு மௌனம். பிறகு மொத்தமும் ஒரேயடியாக வந்து விழும். அதற்கு ட்ராப் என்று பெயர். கூட்டம் கை தூக்குகிற இடம் அது. இழுப்பு எங்கே ஏற வேண்டும், எங்கே தயங்க வேண்டும் என்பதைத் திரையில் ஒரு கோடாக மவுஸால் வரைந்துகொண்டிருந்தார்கள், நாடி என்றொரு நிறுவனம் வரும்வரை.

நாடி வந்ததற்குக் காரணம் இருந்தது. அதற்குள் கைப்பேசியிடம் 'மழை நாள், பழைய காதலி' என்று சொன்னால் அதுவே பாட்டு போட்டுத் தர ஆரம்பித்திருந்தது. எல்லாப் பாட்டும் நன்றாகவே இருந்தது, ஜனங்களுக்குச் சலித்துவிட்டது. இசைக் கம்பெனிகளெல்லாம் மாநாடு கூடி, நிறையச் சாப்பிட்டு, 'மனிதச் சான்று' என்று ஒன்றைக் கொண்டுவந்தன. பாட்டில் எங்கேயாவது உயிருள்ள ஒருவர் உண்மையாகவே துடித்திருக்க வேண்டும். நாடி நிறுவனம் அந்தத் துடிப்பை விற்றது. மணிக்கட்டில் ஒரு பட்டை; கையின் வியர்வை, மூச்சு, துடிப்பு எல்லாம் சேர்ந்து ஒரு கோடாகும். மவுஸ் கோட்டை அழித்துவிட்டு அந்தக் கோட்டை வைத்தால், அந்த மனிதர் தவித்த அதே ஏற்ற இறக்கத்தில் பாட்டும் தவிக்கும். பரீட்சை முடிவு, பிரசவ அறை வாசல், விசா ஆபீஸ் என்று ரகம் ரகமாக இருந்தது. விலை அதிகம் ஐ.சி.யூ. வாசலுக்குத்தான்.

ஏகாந்த் அதில் ஒன்றை வாங்கினார். அனீஸ் அதை வைத்துப் பாட்டு செய்தான். ஏகாந்த் அதற்கு 'அகண்டம்' என்று பெயர் வைத்தார். போஸ்டரில், 'சென்னையில் ஓர் ஐ.சி.யூ. வாசலில் யாரோ ஒருவர் காத்திருந்தார். அவருடைய நாடி, ஏகாந்தின் ஆன்மா' என்று போட்டிருந்தார்கள். பாட்டு நகைக்கடையிலும் லிஃப்டிலும் மாநகரப் பேருந்திலும் ஓடியது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கே போட்டார்கள்.

ஒரு புதன்கிழமை காலையில், எல் போர்டு மாட்டிய ஒரு சின்ன கார் ஸ்டூடியோ வாசலில் குறுக்கே வந்து நின்றது. பக்கவாட்டில் ஒரு டிரைவிங் ஸ்கூலின் பெயர், பெரம்பூர் விலாசம். வண்டியை எடுக்கச் சொல்ல அனீஸ் கீழே இறங்கிப் போனான். உள்ளே நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"எடுக்கறேன். அந்தப் பாட்டுக்காரர மொதல்ல வரச் சொல்லு."

சார் தியானத்தில் இருக்கிறார், என்ன விஷயம் என்று அனீஸ் கேட்டான். அகண்டம் விஷயம் என்றாள். அதைச் செய்தது தான்தான் என்று, யாரும் கேட்காமலே, அவன் சொல்லிவிட்டான். அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப உன்னப் பாக்கத்தான் வந்திருக்கேன்," என்று இறங்கினாள்.

பெயர் ஜெசிந்தா. பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லித் தருவது வேலை. கற்பவர் ஸ்டியரிங்கில் இருப்பார். பக்கத்து சீட்டில் இருக்கும் ஜெசிந்தாவின் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். போன மாதம் பெரம்பூர் மேம்பாலத்தில் ஒரு காலேஜ் பெண் ஓட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்த பேருந்தில் அகண்டம் ஓடியது. ஜெசிந்தாவுக்குக் கை வியர்த்து, கால் தன்னால் பிரேக்கில் போய் அமுங்கியது. பின்னால் தண்ணீர் லாரி. அது வந்து நின்றபோது பின்கண்ணாடியில் அதன் பம்பரைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. பெண்ணின் அப்பா வந்து கத்திவிட்டுப் போனார். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலையும் இல்லை, சொல்லித் தரும் லைசென்ஸும் இல்லை என்று ஸ்கூல் முதலாளி சொல்லிவிட்டார். டாக்டரிடம் போனாள். துக்கம் அப்படித்தான் இருக்கும், நல்ல பாட்டுக் கேளுங்கள் என்றாராம். எந்தப் பாட்டில் வருகிறது என்று கண்டுபிடிக்கவே அவளுக்குச் சில வாரங்கள் ஆகியிருந்தன. பிறகு போஸ்டரைப் பார்த்தாள்.

இதையெல்லாம் மாடிப்படி ஏறிக்கொண்டே சொன்னாள். செருப்பைக் கழற்றச் சொன்னான். அவள் கழற்றவில்லை.

கணினிக்கு முன்னால் வந்ததும், "சத்தம் வெக்காத. அந்தக் கோடுன்றாங்களே, அத மட்டும் காட்டு," என்றாள்.

அனீஸ் ஒலியை நிறுத்திவிட்டு நாடிக் கோட்டைத் திரை முழுக்கப் பெரிதாக்கினான். கறுப்பில் நீலமாக, மெல்ல மெல்ல ஏறிப் போகிற ஒரு கோடு. யாருடையது என்று அவனுக்குத் தெரியாது. ஒரு எண் மட்டும்தான் வந்தது. தன்னுடையது என்று இதற்கு முன்னால் இரண்டு பேர் வந்து சொல்லியிருந்தார்கள், இரண்டு பேரும் ராயல்டி கேட்டார்கள். இவளும் அப்படித்தான் என்று நினைத்தான்.

ஜெசிந்தா திரையில் விரலை வைத்தாள்.

"இது ஸ்ட்ரெச்சர உள்ள தள்ளினு போனது. கதவு சாத்திட்டாங்க. வெளிய ஒரு பட்டை குடுத்தாங்க, அட்டெண்டர் பாஸ்னு. அதுல சம்மதம்னு ஒரு பட்டன். அமுக்கினாத்தான் கதவு தொறக்கும்." விரல் நகர்ந்தது. "இங்க ஜெபமாலை சொல்லினு இருந்தேன். அதான் ஒரே மாரி போவுது. இது டீ. வாங்கினேன், குடிக்கல."

விரல் ஒரு சின்ன மேட்டில் வந்து நின்றது. அனீஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். கோடு அந்த இடத்தில் குபீரென்று ஏறும், ட்ராப் வந்துவிட்டது என்று தோன்றும், வராது. சரிந்துவிடும். இந்த ஒரு மேட்டுக்காகத்தான் அவன் பாட்டின் அமைப்பையே மாற்றிச் செய்திருந்தான். விமர்சகர்கள் அதை 'ஏகாந்தின் மேதைமையான ஏமாற்று' என்று எழுதியிருந்தார்கள்.

"இங்க நர்ஸு கதவத் தொறந்து, என்னப் பாத்து சிரிச்சுது. முடிஞ்சிச்சு, பொழச்சுட்டாருன்னு எந்திரிச்சேன். அது என் பின்னாடி உக்காந்திருந்த அம்மாவப் பாத்து சிரிச்சிருக்குது."

விரல் கோட்டின் உச்சிக்குப் போய், அங்கிருந்து செங்குத்தாகக் கீழே விழுகிற இடத்தில் நின்றது.

"இங்கதான எல்லாரும் கை தூக்குறாங்க?"

"ஆமாக்கா."

"வீடியோல பாத்தேன். எங்க வூட்டுக்காரரு அலோசியஸ் போயிட்டாருன்னு டாக்டர் சொன்ன எடம் இது. அங்க கூட்டம் மொத்தமும் கையத் தூக்கி விசிலடிக்குது." விரலை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "செத்தவர ஒரு தடவ பொதைச்சாச்சு. நான் கடைத்தெருவுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள மறுபடி மறுபடி சாவறாரு. இத எடுத்துடு."

அந்தச் சமயம் பார்த்து தியானம் முடிந்து ஏகாந்த் வந்தார். விஷயத்தைக் கேட்டார். முதலில் அவர் பார்வை அவள் செருப்பில் நின்றது. பிறகு பெருந்தன்மையாக மேலே ஏறியது. இரண்டு கைகளையும் கூப்பினார். ஓர் ஊற்றைத் தேடி நதியே வந்ததாகவோ நதியைத் தேடி ஊற்று வந்ததாகவோ ஏதோ சொன்னார். எது எது என்பதில் அவருக்கே குழப்பம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடற்கரைச் சாலை மைதானத்தில் அகண்டத்தின் புதிய வடிவம் வெளியாகிறது, அவள் மேடைக்கு வந்து பக்கத்தில் நிற்க வேண்டும் என்றார்.

"உங்க வலி இப்ப தனி வலி இல்லம்மா. அது பிரபஞ்ச வலி."

"பிரபஞ்சத்துக்கு லைசென்ஸ் போவாது தம்பி. எனக்குப் போயிடும்."

பிரபஞ்சத்துக்குப் பதில் சொல்லத் தெரியாததால் ஏகாந்த் நாடி நிறுவனத்துக்கு வீடியோ அழைப்பு போட்டார். மிருதுளா என்ற அதிகாரி திரையில் வந்தாள். 'உணர்வு வளங்கள்' பிரிவின் தலைவி. தலையைச் சாய்த்து, கண்ணை இடுக்கி, பொறுமையாகக் கேட்டாள். பிறகு விளக்கினாள். நாடிக் கோடு எதற்கும் பெயர் கிடையாது. யாருடையது என்று நிறுவனத்துக்கே தெரியாது. அதுதான் மூலநபர்களுக்கு, அதாவது துடிப்பைக் கொடுத்தவர்களுக்கு, அவர்கள் தரும் பாதுகாப்பு. இது தன்னுடையதுதான் என்று ஜெசிந்தா நிரூபித்தால், ஒரு மூலநபரின் அடையாளத்தை வெளியிட்டவர் ஆகிவிடுவார். அந்த மூலநபரின் சார்பில் நிறுவனம் அவர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டி வரும்.

"அந்த மூலநபர் நான்தான."

"அதத்தான் மேம், நீங்க சொல்லக் கூடாதுன்றேன்."

துக்கத்துக்கு ஆலோசனை சொல்லும் செயலி ஒன்றை மூன்று மாதம் இலவசமாகத் தருவதாக மிருதுளா சொன்னாள். அதற்கும் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும் என்பதைக் கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னாள். ஜெசிந்தா என்ன பதில் சொன்னாள் என்பதை இங்கே எழுதுவதற்கில்லை. பெரம்பூரில் லாரிக்காரர்களோடு வருஷக்கணக்காகப் பேசிப் பழகிய வாய் அது. மிருதுளா தலையைச் சாய்ப்பதை நிறுத்திக்கொண்டாள்.

வண்டியை எடுக்கும்போது அனீஸ் ஜன்னலருகே போய் நின்றான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான்.

"அதெல்லாம் வெச்சினு நான் என்ன பண்றது. எடுக்க முடியுமா, முடியாதா?"

அவன் ஓர் அடி பின்னால் நகர்ந்தான். கியர் விழுந்தது. கார் போய்விட்டது.

அன்று முழுக்க அவனுக்கு வேலை ஓடவில்லை. கோபம் முதலில் மிருதுளா மேல் வந்தது, பிறகு ஏகாந்த் மேல். அந்தச் சின்ன மேட்டைப் பார்த்து, 'அடடா, யாருய்யா நீ' என்று ஒரு நாள் தனியாக உட்கார்ந்து சிலாகித்தது நினைவுக்கு வந்ததும் கோபம் போகவேண்டிய இடத்துக்குப் போனது.

மறுநாள் மத்தியானம் கீழே கடையிலிருந்து போண்டா வாங்கி வரச் செய்தான். பொட்டலத்தைப் பிரித்து ஆற வைத்துவிட்டு, நாடிக் கோட்டைப் பாட்டிலிருந்து பிடுங்கினான். அந்த இடத்தில் மவுஸால் ஒரே இழுப்பில் இடமிருந்து வலமாக ஒரு நேர்கோடு போட்டான். மேடு கிடையாது, பள்ளம் கிடையாது. மாடிப்படிக்குக் கைப்பிடி வைத்தது மாதிரி ஒரு கோடு. சான்று பார்க்கும் நிரல் நாடி மென்பொருள் பாட்டில் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். அது ஏற்றப்பட்டே இருந்தது, பச்சை விளக்கும் எரிந்தது. அதன் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு மட்டும் பூஜ்யத்தில் இருந்தது. இந்தத் தொழிலில் இது ஒரு குற்றமே இல்லை. பத்து சாதனங்களை ஏற்றுவார்கள், அதில் ஏழு சாதனங்களை அணைத்து வைப்பார்கள், அணைத்ததை மறந்துவிட்டு அதன் அருமையைப் பற்றிப் பேட்டி கொடுப்பார்கள்.

புதிய வடிவம் வெளியானதும் எல்லா இடத்திலும் பழையது தானாக மாறிவிடும். நிறுவனத்தின் ஏற்பாடே அப்படித்தான். அனீஸ் டிரைவிங் ஸ்கூல் நம்பருக்கு அழைத்து, எடுத்துவிட்டேன் என்று சொன்னான். ஜெசிந்தா நம்பவில்லை. சொன்னவன் வாயை நம்பி ஒரு பெண்ணை மேம்பாலத்தில் ஏற்ற முடியாது, என் உடம்பு வந்து பார்த்துச் சொல்லட்டும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மைதானம் நிரம்பியிருந்தது. வாசலில் எல்லாருக்கும் பட்டை கட்டினார்கள். கட்டாதவர்களுக்கு உள்ளே இடமில்லை என்றார்கள். அனீஸ் ஜெசிந்தாவை ஸ்பீக்கர் வண்டி போகும் பின்வழியாகக் கூட்டிப்போய் மேடைக்குப் பக்கவாட்டில் நிறுத்தினான். ஏகாந்தின் கையிலும் பட்டை. அவருடைய துடிப்பை மேடைக்குப் பின்னால் பிரம்மாண்டமான திரையில் காட்டினார்கள். வெறுங்காலோடு வந்து மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார். மைக்கில் மூச்சு விட்டார். அதற்கே கைதட்டினார்கள். பெயர் தெரியாத ஓர் ஆத்மாவின் கண்ணீரில் எல்லாரும் இன்று நீராடப் போகிறோம் என்றார். ஒரு நிமிஷ மௌனம் கேட்டார். குளிர்பானக்காரர்களும் நின்றார்கள்.

கிக் ஆரம்பித்தது. ஜெசிந்தா கார் சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள். பேஸ் வந்தது. கீபோர்டு வந்தது. கதவு திறந்துகொண்டே போனது. அவள் தன் கையை விரித்துப் பார்த்தாள். சாவியின் தடம் இருந்தது, வியர்வை இல்லை. நர்ஸ் சிரிக்க வேண்டிய இடம் வந்தது; நர்ஸ் வரவில்லை. கொடியில் துணி காய்கிற மாதிரி, பக்கத்து வீட்டில் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி, அது பாட்டுக்குப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அலோசியஸ் போன பிறகு முழுசாக விட்ட முதல் மூச்சு அதுவாக இருக்கலாம்.

அப்புறம்தான் கூட்டத்தைப் பார்த்தாள்.

அழுதுகொண்டிருந்தார்கள். பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பையன் தேம்பினான். ஒரு பெண் தோழியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ட்ராப் விழுந்தது; அத்தனை கையும் ஒரே நேரத்தில், முன்பு தூக்கிய அதே இடத்தில், அதே உயரத்துக்கு எழுந்தன. மேடையில் ஏகாந்தின் கன்னத்தில் நிஜமாகவே கண்ணீர் வழிந்தது. அதைத் திரையில் பெரிதாகக் காட்டினார்கள்.

"எதால செஞ்ச இத?" என்று ஜெசிந்தா அவன் காதருகே கேட்டாள்.

"மவுஸால."

"எவ்ளோ நேரம் ஆச்சு?"

"போண்டா ஆறுற நேரம்."

அவள் முகம் மாறியதை அனீஸ் பார்த்தான். ஸ்டூடியோவில் காட்டிய கோபம் எல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"அப்ப என்னுத எதுக்குடா எடுத்தீங்க?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் மேடைக்குப் பின்னாலிருந்த கூடாரத்தில் காத்திருந்தாள். மிருதுளாவின் கையில் ஒரு டேப்லெட் இருந்தது. நேரடியாக ஒலிபரப்பாகும்போது நாடியின் திருகு எந்த எண்ணில் நிற்கிறது என்பதையும் அது காட்டும். அனீஸ் அதை யோசித்திருக்கவில்லை. அவள் அவனைக் கூப்பிட்டு, எட்டு நிமிஷமும் பூஜ்யத்தில் இருந்தது, ஏன் என்று கேட்டாள். ஏகாந்த் அப்போதுதான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்திருந்தார். கை முழுக்கப் பூ. பட்டையை இன்னும் கழற்றவில்லை.

அனீஸ் ஒளிக்காமல் சொல்லிவிட்டான். கோட்டை எடுத்துவிட்டேன், மவுஸால் வரைந்து வைத்தேன், நேர்கோடு.

ஏகாந்த் சிரித்தார். "விளையாடுறே இல்ல ப்ரோ?" என்றார். அந்த ஒரு கணம் ஏகாந்தின் முகத்தில் நம்பிக்கை வந்து பளிச்சென்று நின்றது. விளையாட்டுதான், எல்லாரும் சிரிக்கப் போகிறார்கள். யாரும் சிரிக்கவில்லை. பூவைக் கீழே வைத்தார். தான் அழுதது ஒரு கைப்பிடிக் கம்பிக்காக என்பதும், அதை அத்தனை பேர் பெரிய திரையில் பார்த்தார்கள் என்பதும், பார்த்தவர்களும் அதே கம்பிக்காகத்தான் அழுதார்கள் என்பதும் ஒவ்வொன்றாக அவருக்குள் இறங்குவது வெளியே தெரிந்தது. உட்கார நாற்காலி தேடினார். அப்புறம் நிருபர்கள் கூப்பிடுகிறார்கள் என்று யாரோ வந்து சொன்னதும் தடுமாறிக்கொண்டே போனார்.

அவர் போனதும் ஜெசிந்தா தன் கேள்வியை மிருதுளாவிடம் கேட்டாள். அத்தனை பேரும் அதே மாதிரி அழுகிறார்கள் என்றால் என் கோடு எதற்கு.

மிருதுளா டேப்லெட்டை மூடினாள். களைத்துப் போனவளாக, முதல் தடவையாகத் தலையைச் சாய்க்காமல் பேசினாள்.

"அது மத்தவங்கள ஒண்ணும் பண்ணாது மேம். முதல் வருஷ சோதனையிலயே தெரிஞ்சிடுச்சு. ஒருத்தர் உடம்போட கோடு அவங்க உடம்புக்குத்தான் சாவி. மத்தவங்களுக்கு அது சும்மா ஒரு ஏத்த இறக்கம்."

"எனக்கு மட்டும்தான் கேட்டுதா?"

"உங்களுக்கு மட்டும்தான்."

"தெரிஞ்சேதான் எடுக்கறீங்க."

"ஜனங்களுக்குப் பாட்டுல வலி வேணாம் மேம். யாருக்கோ வலிச்சுதுன்னு சொன்னாப் போதும். சான்றுன்றது அந்த ஒரு வரிதான். ஆனா அந்த வரி பொய்யா இருக்கக் கூடாதுன்னு சட்டம். அதனால நாங்க உண்மையாத்தான் எடுத்தாகணும்."

ஜெசிந்தா அடித்துவிடுவாள் என்று அனீஸ் நினைத்தான். அவள் கை ஓங்கவே இல்லை. அந்தப் பெண் எவ்வளவு நேர்மையாகச் சொல்லிவிட்டாள் என்பதிலேயே அவள் உறைந்துபோயிருந்தாள். மிருதுளா அனீஸிடம் திரும்பி, திங்கட்கிழமை காலைக்குள் பாட்டில் ஒரு மனிதக் கோடு இருந்தாக வேண்டும், இல்லையென்றால் சான்று ரத்து, பழைய எண்ணையே திரும்ப ஏற்றிவிடு என்றாள். அந்த எண்ணுக்குச் சொந்தக்காரி ஓரடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

அப்போது ஏகாந்த் திரும்பி வந்தார். நிருபர்கள் அவரைத் தேற்றி அனுப்பியிருந்தார்கள். உங்கள் கண்ணீரைப் பார்த்தோம் என்று அவர்கள் சொல்லச் சொல்ல அவருக்குத் தன் மேலிருந்த மரியாதை முழுசாகத் திரும்பியிருந்தது. கடைசி வாக்கியம் மட்டும் அவர் காதில் விழுந்தது. மணிக்கட்டை உயர்த்திக் காட்டினார்.

"எதுக்கு இன்னொருத்தரோட வலி? என்னோடதை வை ப்ரோ. இப்ப இந்தக் கூடாரத்துல நான் பட்டது, ஒரு கலைஞன் பட்டது. இதைவிட உண்மை என்ன இருக்கு?"

அனீஸ் மிருதுளாவைப் பார்த்தான். அவரவர் கோடு அவரவர் உடம்புக்கே சாவி என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். மிருதுளாவின் கண்கள் ஒரு கணம் மேலே போய் வந்தன. புது போஸ்டரின் வாசகம் அங்கே ஓடியிருக்க வேண்டும். அருமையான யோசனை என்றாள். ஜெசிந்தா அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். ஏகாந்த் அவளைப் பார்த்து, கருணையோடு, "உங்க பாரத்தை நான் சுமக்கறேன்மா," என்றார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பட்டையில் எல்லாம் பதிவாகியிருந்தது. சிரிப்பு, அந்த ஒரு கணத்து நம்பிக்கை, நாற்காலி தேடிய இடம். திங்கட்கிழமை காலையில் அனீஸ் அதைப் பாட்டில் ஏற்றினான். மேடு மிக அழகாக வந்திருந்தது. இந்தத் தடவை அவன் அதைச் சிலாகிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் பெரம்பூரில் எல் போர்டு காரின் ஸ்டியரிங்கில் அனீஸ் உட்கார்ந்திருந்தான். ஆண்களுக்குச் சொல்லித் தருவதில்லை என்ற ஸ்கூல் விதியை ஜெசிந்தா அவனுக்காகத் தளர்த்தியிருந்தாள். அவன் கிளட்சை விடும் அழகைப் பார்த்து, அந்த விதி ஏன் வந்தது என்று இப்போது புரிகிறதா என்று கேட்டாள்.

ஓட்டிக்கொண்டே அவன் ஏகாந்த் கதையைச் சொன்னான். மொத்தம் முப்பது ஊர்களுக்கு ஒப்பந்தம். எல்லா ஊரிலும் அகண்டம்தான் கேட்கிறார்கள். மேட்டுக்கு வரும்போது அவர் முகம் பளிச்சென்று மலர்ந்து, உடனே தொங்கிப் போகிறது. நாற்காலியைத் தேடுகிறார். தன்னையே பலி கொடுக்கும் கலைஞன் என்று விமர்சகர்கள் எழுதுகிறார்கள். நாற்காலியை மேடையிலேயே போட்டுவிட்டார்கள், அது இப்போது நிகழ்ச்சியில் ஒரு பகுதி. லிஃப்டில் கேட்டாலும் அப்படித்தான், நகைக்கடையில் கேட்டாலும் அப்படித்தான். போன வாரம் அனீஸுக்குப் போன் செய்திருந்தார். ப்ரோ என்று கூப்பிடவில்லை. 'அனீஸு, அத எடுத்துடுடா, எனக்குச் சாப்பாடே எறங்கல' என்று, டைல்ஸ் கடைக்காரர் பையன் பேசுகிற மாதிரி பேசியிருந்தார்.

ஜெசிந்தா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் இருக்கிறதா என்று அனீஸ் பார்த்தான். இல்லை.

"எடுத்துட வேண்டியதுதான," என்றாள். "யாருக்கும் வேணாம் அது."

"எடுத்தா அந்த எடத்துல வேற யாருதாவது வெச்சாகணும்க்கா. சான்று காலியா இருக்கக் கூடாது. மிருதுளா மேடம் லைப்ரரில இருந்து ஒண்ணு ரெடியா வெச்சிருக்காங்க." கொஞ்சம் தயங்கினான். "அதுவும் ஐ.சி.யூ. தான். போன வாரத்துது."

சிக்னல் விழுந்தது. பக்கத்தில் வந்து நின்ற தண்ணீர் கேன் வண்டியில் அகண்டம் ஓடிக்கொண்டிருந்தது. அனீஸ் அவளைப் பார்த்தான். அவள் கால் பிரேக்கின் மேல் லேசாக, வேலை பார்க்கும் கால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கேன் வண்டிக்காரன் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டான். பாட்டு மேட்டில் ஏறி, சரிந்து, மௌனமாகி, விழுந்தது. அவன் ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே தூக்கினான்.

பச்சை விழுந்தது.

"ஃபர்ஸ்ட் கியர் போடு," என்றாள். கார் ஒரு குலுக்கு குலுக்கி நகர்ந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னாள்.

"அவருதே இருக்கட்டும் தம்பி. அவருக்காவது அதுக்குச் சம்பளம் குடுக்குறாங்க."